பெட்டியை மூடும் முன் ஒரு சீட்டு எழுதுங்கள்

ஆறு மாதம் கழித்துக் கிட்டார் பெட்டியைத் திறக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியில்தான் தடுமாறுகிறார்கள்: “இது முன்னாடியே இப்படித்தான் இருந்துச்சா?” கம்பிகள் கொஞ்சம் உயர்ந்த மாதிரி தெரியும். என்ன உயரத்தில் விட்டுப் போனோம் என்பது நினைவிருக்காது. நெக்கும் உடலும் சேரும் இடத்தில் மெல்லிய கோடு ஒன்று தெரியும். வாங்கும்போதே இருந்ததா, இந்த மழைக்காலத்தில் வந்ததா என்று சொல்லத் தெரியாது. அந்தப் பதற்றத்தில், நெக்குக்குள் இருந்து அதன் வளைவைத் திருத்தும் ட்ரஸ் ராடைக் கண்டபடி திருகி, இல்லாத சேதத்தை உண்டாக்கிக்கொள்கிறவர்கள் உண்டு.

இதற்கு வழி, போஸ்ட் கார்டு அளவில் ஓர் அட்டை. பெட்டியை மூடும் நாளில் கிட்டாரைத் தலை முதல் கால் வரை சோதித்து, அளவுகளைத் தேதி போட்டு அதில் எழுதி, உள்ளேயே வைத்துவிட வேண்டும். எலெக்ட்ரிக் கிட்டாரைப் பத்திரப்படுத்துவதில் பாதி வேலை இதுதான். மீதிப் பாதி, நம் ஊர் ஈரத்தோடு மல்லுக்கட்டுவது.

தேவையான சாமான்கள் கொஞ்சம்தான். மி.மீ. குறியிட்ட இரும்பு ஸ்கேல், ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், டார்ச், ட்யூனர், கேப்போ (எல்லாக் கம்பியையும் நெக்கில் ஒரே இடத்தில் அழுத்திப் பிடிக்கும் கிளிப்). ஃபீலர் கேஜ் இருந்தால் நல்லது. பைக் மெக்கானிக்குகள் டாப்பெட் இடைவெளி பார்க்க வைத்திருப்பார்களே, அதேதான். இல்லாவிட்டாலும் கவலையில்லை. 10 கேஜ் கிட்டார் கம்பி செட்டின் முதல், அதாவது மிக மெல்லிய, கம்பி 0.25 மி.மீ. தடிமன். வெட்டிப்போட்ட ஒரு துண்டே போதும், அதைவிடத் துல்லியமான கேஜ் இந்த வேலைக்கு வேண்டியதில்லை.

முதலில் ஹெட்ஸ்டாக்

எலெக்ட்ரிக் கிட்டாரில் பெரிய முறிவு எங்கே வரும் என்று கேட்டால், யோசிக்காமல் ஹெட்ஸ்டாக்கின், அதாவது ட்யூனிங் கீகள் இருக்கும் தலைப்பகுதியின், கழுத்தைக் காட்டலாம். அதிலும் கிப்சன் கம்பெனியின் லெஸ் பால், எஸ்ஜி வகைகளில். காரணம் அவற்றின் அமைப்பிலேயே இருக்கிறது. கிப்சனின் ஹெட்ஸ்டாக் பொதுவாக 17 டிகிரி பின்னால் சாய்ந்திருக்கும். நெக் முழுவதும் ஒரே மஹோகனித் துண்டில் செதுக்கப்படுவதால், சாயும் இடத்தில் மரத்தின் ரேகை நீளவாட்டில் ஓடாமல் குறுக்கே வெட்டுப்படும். போதாததற்கு, ட்ரஸ் ராட் நட்டுக்காக அதே இடத்தில்தான் குழி தோண்டியிருக்கும். மெல்லிய மரம், குறுக்கு ரேகை, அதில் ஒரு பள்ளம். ஸ்டாண்டிலிருந்து பின்பக்கமாகச் சரிந்தால் அங்கேதான் விரியும். ஃபெண்டர் ஹெட்ஸ்டாக் சாய்வே இல்லாத மேப்பிள் என்பதால் இந்த முறிவு அதில் அபூர்வம்.

சோதிக்கும் விதம்: அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை ஹெட்ஸ்டாக்கின் பின்புறத்தில் கிட்டத்தட்டப் படுக்கவைத்த மாதிரி பிடியுங்கள். நேராக அடித்த வெளிச்சத்தில் தெரியாத கோடு, சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் விட்டுத் தெரியும். நட்டுக்குப் (திருகு நட் இல்லை, நெக்கின் தலைமுனையில் கம்பிகள் படியும் காடி வெட்டிய துண்டு) பின்னால் தொடங்கி, ட்யூனிங் கீ முதல் ஜோடி வரை இரண்டு பக்கமும் பாருங்கள். கோடு எதுவும் தெரிந்தால் நகத்தை அதன் குறுக்கே இழுங்கள். நகம் தட்டாமல் வழுக்கிப் போனால் பெரும்பாலும் பெயின்ட்டின் உள்விரிசல்தான். தட்டினால், மென்துணியில் லைட்டர் ஃப்ளூயிடைக் கொஞ்சம் தொட்டு அந்த இடத்தைத் துடைத்துப் பாருங்கள். பக்கத்தில் நெருப்போ ஊதுபத்தியோ இருக்கவே கூடாது. சுற்றுப்புறம் சில நொடியில் காய்ந்துவிடும். விரிசல் இருந்தால் அதற்குள் இறங்கிய திரவம் மட்டும் பிந்திக் காயும். ஈரக்கோடு தனியாகத் தங்கி நின்றால் அது மேல்பூச்சோடு நிற்கவில்லை.

இன்னும் சந்தேகமா? கம்பிகள் ட்யூனில் இருக்கும்போதும், தளர்த்திய பிறகும் அதே கோட்டைப் பாருங்கள். 10-46 செட் (மெல்லிய கம்பி 10, தடித்த கம்பி 46 கேஜ்) ஒன்று நிலையான ட்யூனிங்கில் சுமார் 46 கிலோ விசையோடு அந்த இடத்தை இழுத்துக்கொண்டிருக்கிறது. தளர்த்தியதும் கோடு சுருங்கினால் மரமே விரிந்திருக்கிறது. அப்படியென்றால் கம்பிகளைத் தளர்த்தியபடியே விட்டு, பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். இதில் ஒரே ஒரு வேண்டுகோள்: ஃபெவிக்விக் மாதிரியான உடனடிப் பசையை அதற்குள் ஊற்றாதீர்கள். விரிசல் சுத்தமாக இருக்கும்போது நல்ல மரப்பசையும் கிளாம்ப்பும் போட்டு ஒட்டினால், ஒட்டிய இடம் பழைய மரத்துக்குக் குறையாத வலுவோடு நிற்கும். உடனடிப் பசை மரத்துளைகளை அடைத்துவிட்டால் பின்னால் எந்தப் பசையும் அங்கே சரியாகப் பிடிக்காது.

நெக் பாக்கெட்டின் (உடலில் நெக் உட்காரும் பள்ளம்) ஓரங்களில், ஃபெண்டர் வகைகளில், கம்பியின் திசையிலேயே ஓடும் சின்னக் கோடுகள் வருவதுண்டு. பெரும்பாலும் தடித்த பாலியெஸ்டர் பூச்சின் விரிசல். நெக்கைப் பிடித்து மெதுவாகப் பக்கவாட்டில் அசைக்கும்போது கோடு திறந்து மூடாவிட்டால் கவலை வேண்டாம். சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள், போதும். போனில் ஒரு படமும் எடுத்து வைத்தால் பின்னால் ஒப்பிட வசதி.

ஸ்ட்ராப் மாட்டும் பட்டனை மறக்காதீர்கள். அது லேசாக ஆடுகிறது என்று விட்டுவிட்ட கிட்டார்தான் ஒருநாள் தோளிலிருந்து தரைக்கு வரும். ஸ்க்ரூ பிடிக்காமல் சுற்றினால், மரப்பசை தொட்ட தீக்குச்சிகளை ஓட்டைக்குள் நிரப்பி, ஒரு நாள் காயவிட்டு, திரும்ப முறுக்கலாம்.

நெக், ஃப்ரெட், கம்பி உயரம்

கிட்டாரை மேசையில் மல்லாத்தி அளக்கக் கூடாது. வாசிக்கிற வாக்கில் மடியில் வைத்து, சரியான ட்யூனிங்கில் அளக்க வேண்டும். கேப்போவை முதல் ஃப்ரெட்டில் (விரல்பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கோடுதான் ஃப்ரெட்) போட்டு, தடித்த கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்துங்கள். இப்போது கம்பியே நேர்கோட்டு ஸ்கேல் ஆகிவிட்டது. 7, 8-ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே எவ்வளவு இடைவெளி இருக்கிறது? 0.20 முதல் 0.30 மி.மீ. வரை இருந்தால் சரி. அந்த 0.25 மி.மீ. கம்பித் துண்டு உரசிக்கொண்டு நுழைய வேண்டும். இடைவெளியே இல்லாமல் கம்பி ஃப்ரெட்டில் படுத்துவிட்டால் நெக் பின்னால் வளைந்திருக்கிறது. துண்டு தாராளமாக ஆடினால் முன்னால் வளைந்திருக்கிறது.

அடுத்து 12-ஆம் ஃப்ரெட்டில், எதையும் அழுத்தாமல், ஃப்ரெட்டின் உச்சிக்கும் கம்பியின் அடிப்பகுதிக்கும் உள்ள உயரம். தடித்த கம்பிக்கு 2.0, மெல்லிய கம்பிக்கு 1.6 மி.மீ. அளவில் இருந்தால் பெரும்பாலானவர்களுக்குக் கைக்கு இதமாக இருக்கும். உங்கள் கிட்டார் வேறு அளவில் இருந்து அது உங்களுக்குப் பிடித்திருந்தால் அதுவே சரியான அளவு. நாம் இங்கே திருத்தவில்லை, குறிக்கிறோம்.

நட் சோதனைக்குக் கருவியே வேண்டாம். 2-ஆம், 3-ஆம் ஃப்ரெட்டுகளுக்கு நடுவில் கம்பியை அழுத்தி, முதல் ஃப்ரெட்டின் மேல் கம்பியைத் தட்டிப் பாருங்கள். முடியளவு இடைவெளியில் ‘டிக்’ என்று கேட்க வேண்டும். சத்தமே இல்லாமல் படுத்திருந்தால் நட் காடி ஆழமாகிவிட்டது, திறந்த கம்பி அதிரும்போது முதல் ஃப்ரெட்டில் இரையும்.

ஃப்ரெட் ஏதாவது ஒன்று எழும்பியிருக்கிறதா என்பதற்குப் பழைய ஏ.டி.எம். அட்டை போதும். அட்டையின் விளிம்பை மூன்று ஃப்ரெட்டுகளின் மேல் நிறுத்தி ஆட்டுங்கள். நடு ஃப்ரெட் உயர்ந்திருந்தால் சீசா மாதிரி ஆடும். நட்டிலிருந்து 5-ஆம் ஃப்ரெட் வரை நீளப்பக்கம், அதற்கு மேல் குட்டைப்பக்கம். 12-ஐத் தாண்டினால் குட்டைப்பக்கமே நான்கு ஃப்ரெட்டில் உட்கார்ந்துவிடும், அட்டையை வெட்டிச் சிறிதாக்கிக்கொள்ள வேண்டும். ஆடுகிற ஃப்ரெட்டின் நுனியை விரலால் அழுத்தும்போது கீழே இறங்குகிறதென்றால் அது காடியைவிட்டு எழும்பியது. தேய்த்து மட்டப்படுத்தக் கூடாது, திரும்ப உட்காரவைக்க வேண்டும்.

விரலை நெக்கின் ஓரத்தில் மேலும் கீழும் ஓட்டுங்கள். ஃப்ரெட் நுனிகள் முள்ளாகக் குத்தினால் விரல்பலகை காய்ந்து சுருங்கியிருக்கிறது. கடற்கரை ஊரில்கூட இது நடக்கிறது, நாள் முழுக்க ஏ.சி. ஓடும் அறையில்.

ட்ரஸ் ராடைத் திருகத்தான் வேண்டுமென்றால் சாவியின் அளவில் தவறக் கூடாது. அமெரிக்க ஃபெண்டர்களில் இப்போது பெரும்பாலும் 1/8 அங்குல ஆலன் கீ, ஆசியத் தயாரிப்புகளில் பெரும்பாலும் 4 அல்லது 5 மி.மீ., கிப்சனில் 5/16 அங்குல நட்டுக்கான பாக்ஸ் ஸ்பேனர். 1/8 அங்குலம் என்பது 3.175 மி.மீ. அதில் 3 மி.மீ. சாவி நுழைந்துவிடும், திருகும்போது உள்மூலைகளை மழித்துவிடும். மழிந்த ட்ரஸ் ராடைச் சரிசெய்வது விரல்பலகையைக் கழற்றும் வரை போகலாம். கால் சுற்றுக்கு மேல் ஒரே நாளில் திருகாதீர்கள். வலஞ்சுழியாகத் திருகினால் முன்வளைவு குறையும்.

மின்பகுதி: ஜாக்கிலிருந்தே எல்லாம் தெரியும்

உடலின் மேல்மூடியான பிக்கார்டைக் கழற்றாமலே, கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்புகளின் நலம் தெரிந்துகொள்ளலாம் என்பது பலருக்குத் தெரியாது. கிட்டாரில் கேபிளைச் சொருகுங்கள். மறுமுனையை ஆம்ப்பில் போடாமல், அந்த ப்ளக்கின் நுனியில் மல்டிமீட்டரின் ஒரு முனையையும் தண்டில் மறுமுனையையும் வையுங்கள். மீட்டர் 20 கிலோ ஓம் நிலையில். வால்யூமும் டோனும் 10-இல். இப்போது ஸ்விட்ச்சை ஒவ்வொரு நிலையாக மாற்றுங்கள்.

ஃபெண்டரின் ஸ்ட்ராட் போன்ற சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) கிட்டார்களில் தனிப் பிக்கப் ஒவ்வொன்றும் 5 முதல் 7 கிலோ ஓம் அளவில் காட்டும். இரண்டு சேரும் 2, 4-ஆம் நிலைகளில் ஏறக்குறையப் பாதி, 3 கிலோ ஓம் பக்கம். இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கர் 7 முதல் 9 வரை, சத்தம் கூடுதலாகத் தரும் மாடல்கள் அதற்கும் மேல். லெஸ் பாலில் நடுநிலை 4 பக்கம். வால்யூம் கன்ட்ரோல் பக்கத்தில் இணையாக இருப்பதால், பிக்கப்பைத் தனியாக அளப்பதைவிட எண் சற்றுக் குறைவாகவே வரும். ஒப்பிடுவதற்கு அது தடையில்லை.

எந்த நிலையிலாவது மீட்டர் அளவு மீறிவிட்டது என்று காட்டினால், 2 மெகா ஓம் நிலைக்கு மாற்றிப் பாருங்கள். சிங்கிள் காயில் கிட்டாரில் 250, ஹம்பக்கர் கிட்டாரில் 500 கிலோ ஓம் பக்கம் வந்தால் நீங்கள் பார்ப்பது வால்யூம் கன்ட்ரோலை மட்டுமே. பிக்கப் அறுந்திருக்கிறது, அல்லது ஸ்விட்ச் தொடவில்லை. ஸ்விட்ச்சைப் பத்துப் பதினைந்து முறை வேகமாக மாற்றியும் வராவிட்டால் பிக்கப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். எல்லா நிலையிலும் பூஜ்யம் காட்டினால் ஜாக்கில் வயர் வயரோடு தொட்டுக்கொண்டிருக்கிறது, அல்லது வால்யூம் பூஜ்யத்தில் இருக்கிறது. ஈ.எம்.ஜி. மாதிரி பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் பிக்கப்புகளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

போன முறை 6.00, இந்த முறை 6.20 என்று வந்தால் பயப்பட வேண்டாம். செம்பின் மின்தடை ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடும். 24 டிகிரி ஏ.சி. அறையில் எடுத்ததும் 33 டிகிரி மதியத்தில் எடுத்ததும் ஒன்றாக இருக்காது. அதனால்தான் சீட்டில் அறை வெப்பநிலையையும் எழுதச் சொல்வது.

பிக்கப் ஏன் சும்மா கிடக்கும்போதே அறுகிறது? பழைய ஃபெண்டர் பாணியில் காந்தத் தண்டுகளின் மேலேயே செம்புக் கம்பியைச் சுற்றுகிறார்கள். அந்தக் கம்பி 42 கேஜ், அதாவது சுமார் 0.063 மி.மீ., தலைமுடி அளவு. ஏழெட்டாயிரம் சுற்று. வாசிக்கும்போது விரலிலிருந்து வழிந்த வியர்வை உப்பு காந்தத்தின் ஓரமாக உள்ளே இறங்குகிறது. மழைக்கால ஈரம் சேர்ந்ததும் காந்தம் துருப்பிடித்து, பக்கத்தில் ஒட்டியிருக்கும் உள்சுற்றுக் கம்பியை அரிக்கிறது. எங்கோ ஒரு புள்ளியில் அற்றுப்போனால் பிக்கப் முழுவதும் ஊமை, அல்லது உயிரில்லாத மெல்லிய சத்தம். காந்தத் தலைகளில் காவி நிறப் புள்ளி தெரிந்தால் அது மேலே தெரியும் பாகம் மட்டுமே என்று எடுத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த துணியால் துடைத்து வைத்தால் இதில் பெரும்பகுதி தடுக்கப்படும்.

பிக்கப் பக்கத்தில் ஸ்டீல் வுல்லைக் கொண்டுவரவே கூடாது. ஃப்ரெட் மினுக்க அதைப் பயன்படுத்துகிறவர்கள் பிக்கப்புகளை மாஸ்கிங் டேப்பால் முழுதும் மூடிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் இரும்புத் தூள் காந்தத்தில் அப்பிக்கொள்ளும், எளிதில் எடுக்கவும் முடியாது.

பிறகு எர்த். மீட்டரை 200 ஓம் நிலையில் வைத்து, ஒரு முனை ப்ளக்கின் தண்டில், மறுமுனை பிரிட்ஜில் (உடலின் மேல் கம்பிகள் தங்கும் உலோகப் பாகம்). மீட்டர் வயரின் தடை உட்பட ஒன்றிரண்டு ஓமுக்குள் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் வயர் விட்டிருக்கிறது. ஆம்ப்பில் போட்டால் கம்பியைத் தொட்டாலும் இரைச்சல் குறையாது. சில ஆக்டிவ் கிட்டார்களில் இந்த வயரே இருக்காது, அது அமைப்பு, பழுது ஆகாது. கம்பியைத் தொடும்போது கை சுரீர் என்கிறதா? கிட்டாரைக் குறை சொல்ல வேண்டாம். ஆம்ப் அல்லது சுவர்ப் பாயின்ட்டில் எர்த் கோளாறு. எலெக்ட்ரீஷியன் பார்க்கும் வரை வாசிக்காதீர்கள்.

ஜாக் நட் தளர்ந்திருந்தால் வெளியிலிருந்து மட்டும் ஸ்பேனர் போட்டு முறுக்காதீர்கள். உள்ளே ஜாக்கும் சேர்ந்து சுற்றி வயரை முறுக்கி அறுத்துவிடும். தகட்டைக் கழற்றி ஜாக்கை உள்ளே பிடித்துக்கொண்டு முறுக்க வேண்டும். திருப்பும்போது கரகரக்கும் வால்யூமுக்குள் கான்டாக்ட் கிளீனரை ஒரு நொடி அடித்து முப்பது நாற்பது தடவை முழுதாகத் திருப்பினால் பெரும்பாலும் சரியாகும். சமையலறை எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ விட்டால் தூசியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பழைய கன்ட்ரோல் போய்விட்டதென்றால் சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெரு இருக்கிறது. வாங்கும்போது தண்டின் தடிமனையும் பல்லையும் உங்கள் குமிழோடு பொருத்திப் பார்த்து வாங்குங்கள்.

துடைப்பது

வெறும் மென்துணி 90 சதவீத வேலையைச் செய்யும். கம்பிகளின் அடியிலும் துணியை நுழைத்துத் துடையுங்கள், துரு அங்கேதான் தொடங்கும். சானிடைசர், கண்ணாடி துடைக்கும் திரவம் வேண்டாம். சில கிட்டார்களில் உள்ள நைட்ரோசெல்லுலோஸ் (நைட்ரோ) பூச்சை ஆல்கஹால் மங்கடிக்கும். சிலிகான் கலந்த கார் பாலிஷும் வேண்டாம். அது படிந்த இடத்தில் பின்னால் பெயின்ட் தொடுவது பெரும்பாடு.

விரல்பலகை ரோஸ்வுட்டா எபோனியா என்றால், கிட்டார் கடையில் கிடைக்கும் லெமன் ஆயில் நாலைந்து சொட்டு துணியில் விட்டுத் தேய்த்து, பத்து நிமிடத்தில் மிச்சத்தை முழுதும் துடைத்துவிட வேண்டும். வருடத்துக்கு இரண்டு தடவை போதும். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் கூடாது. மரத்துளையில் தங்கிச் சிக்கு வாடை வரும், அழுக்கைச் சேர்க்கும். பூச்சுப் போட்ட மேப்பிள் பலகைக்கு எண்ணெயே வேண்டாம். இந்த ரோஸ்வுட்டில் பெரும்பகுதி நம் ஈட்டி மரம்தான், தோதகத்தி என்று மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் சொல்வார்களே, அது. பிரேசில் ரோஸ்வுட்டின் உலக வணிகத்தை 1992-இல், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை கிட்டத்தட்ட அடைத்துவிட்டது. உலகெங்கும் கிட்டார் செய்கிறவர்கள் இந்த மரத்தைத் தேடி வருவது அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது.

மூடிவைப்பது

கம்பிகளை முழுதும் தளர்த்திவிட வேண்டும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. என் தீர்ப்பு: தேவையில்லை. நெக் என்பது கம்பியின் இழுவைக்கும் ட்ரஸ் ராடின் எதிர்விசைக்கும் நடுவில் சமநிலையில் நிற்பது. ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது தனியாக மாதக்கணக்கில் பின்னால் வளைக்கும். எல்லாக் கம்பியையும் ஒரு முழு டோன் (இரண்டு ஃப்ரெட் அளவு ஸ்வரம்) இறக்குங்கள், அது போதும். ஃப்ளாய்டு ரோஸ் மாதிரி, ஸ்ப்ரிங் இழுவையில் மிதக்கும் பிரிட்ஜ் என்றால் இறக்கும் முன் பிரிட்ஜின் அடியில் துணி சுற்றிய மரத்துண்டு ஒன்றைச் செருகிவையுங்கள், ஸ்ப்ரிங் அதை உள்ளே இழுக்காமல் இருக்கும். வைக்கிற நாளில் புதுக் கம்பி மாட்டுவதும் வீண். திரும்பி வந்ததும் மாட்டிக்கொள்ளலாம்.

ஆக்டிவ் கிட்டாரில் 9 வோல்ட் பேட்டரியைக் கழற்றுங்கள். ஆறு மாதத்தில் கசிந்தால் கிளிப்போடு சர்க்யூட்டும் போகும். கேபிளைச் சொருகியே வைத்தால் பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும் என்பது தனிக்கதை. ஸ்ட்ராப்பையும் கழற்றிவிடுங்கள். அதன் வினைல் பூச்சில் ஒட்டித் தழும்பு விடும். ஸ்டாண்டின் ரப்பர் கையும் இதே வேலையைச் செய்யும், நைட்ரோ பூச்சில் வாரக்கணக்கிலேயே. அங்கே பருத்தித் துணி சுற்றாமல் நைட்ரோ கிட்டாரை நிறுத்தாதீர்கள்.

மாதக்கணக்கில் வைப்பதற்கு ஹார்ட் கேஸ். மலிவான துணிப்பைகளின் உட்பக்க ஃபோம் நம் ஈரத்தில் சில வருடத்தில் பிசுபிசுத்து உதிரும், அது பூச்சில் ஒட்டும். கேஸில் படுக்கவைத்ததும் பக்கவாட்டிலிருந்து குனிந்து பாருங்கள்: தாங்குதிண்டு நெக்கைத் தாங்க வேண்டும், ஹெட்ஸ்டாக் அந்தரத்தில் நிற்க வேண்டும். ஹெட்ஸ்டாக்கின் பின்புறம் கேஸைத் தொட்டுக்கொண்டிருந்தால், கேஸ் விழும்போது முழு அடியும் அந்த 17 டிகிரி வளைவுக்குத்தான் போகும். கேஸுக்குள்ளேயே உடைந்த கிட்டார்கள் பலவற்றில் இந்தக் கதைதான். நெக்கின் கீழே மடித்த பருத்தித் துணி வைத்து உயர்த்தலாம். கேப்போ, ட்யூனர், கேபிள் எல்லாம் உள்ளறைக்குள், கிட்டாரின் மேலே எதுவும் வேண்டாம்.

கேஸை நிமிர்த்திச் சாய்த்து வைத்தால் சரியும். கட்டிலுக்கடியில் படுக்கவைக்கலாம், மேலே சாமான் ஏறாதென்றால். நேரே தரையில் வேண்டாம், இரண்டு மரச்சட்டமாவது போட்டு உயர்த்துங்கள். கரையானும் தரை ஈரமும் கீழிருந்துதான் வரும். சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் புகுந்த தரைத்தளக்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. அங்கெல்லாம் அலமாரியின் மேல்தட்டுதான் இடம். அப்படி நனைந்துவிட்ட கிட்டார் என்றால்: பேட்டரியை எடுங்கள், கம்பியைத் தளர்த்துங்கள், பிக்கார்டையும் பின்மூடியையும் கழற்றி நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் சேற்றைத் துடையுங்கள், நிழலில் மின்விசிறிக் காற்றில் இரண்டு மூன்று வாரம் விடுங்கள். வெயிலில் காட்டினால் மேல்புறம் மட்டும் வேகமாகச் சுருங்கி மரம் பிளக்கும். நனைந்த கேஸைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

சுவரில் மாட்டுவதென்றால் உட்சுவரில் மாட்டுங்கள். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவர் நவம்பரில் கசியும். லெஸ் பால் 4 கிலோ பக்கம் இருக்கும். காரை உதிரும் பழைய சுவரில் ராவல் ப்ளக் பிடிக்காது, செங்கல்லுக்குள் இறங்க வேண்டும். மே மாத வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் ஒரு மணி நேரம்கூட வேண்டாம். அந்தச் சூட்டில் பசை இளகும், பிக்கப்பின் மெழுகும் இளகும்.

ஈரம்

மரத்துக்கு உகந்தது 45 முதல் 55 சதவீத ஈரப்பதம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னை, கடலூர், நாகப்பட்டினம் பக்கம் வீட்டுக்குள் 80-ஐத் தாண்டுவது சாதாரணம். கேஸுக்குள் ஒரு சின்ன டிஜிட்டல் ஈரமானி வையுங்கள். மலிவான மீட்டர்கள் ஐந்து பத்து சதவீதம் பிசகும், ஆகவே முதலில் சோதியுங்கள். பாட்டில் மூடி ஒன்றில் சமையல் உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈரமணல் பதத்துக்குக் குழைத்து, ஈரமானியோடு ஒரு ஜிப் கவருக்குள் மூடி எட்டு மணி நேரம் வையுங்கள். உள்ளே 75 சதவீதம் இருக்கும், அது உப்பின் இயல்பு. மீட்டர் 70 காட்டினால் 5 கூட்டிப் படிக்க வேண்டும் என்று அதன் முதுகிலேயே எழுதிவிடுங்கள்.

சிலிக்கா ஜெல் 100 கிராம், துணிப்பையில் கட்டி, உடலின் இடுப்பு வளைவில். நெக்கின் மேல் படவேண்டாம். ஆரஞ்சு நிறம் பச்சையானால் ஈரம் குடித்துத் தீர்ந்தது. 120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் திரும்ப ஆரஞ்சாகும், ஆறவிட்டு உடனே கட்டுங்கள். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை யாராவது இதை மாற்ற வேண்டும். வீட்டில் அம்மாவோ தம்பியோ இருந்தால் நிறத்தைக் காட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள். ஈரத்தைக் குடித்தும் வெளிவிட்டும் 49 சதவீதத்தில் நிறுத்தும் இருவழிப் பைகளும் கிடைக்கின்றன. நம் மழைக்காலத்தில் அவை ஈரத்தைக் குடித்து உப்பிச் சீக்கிரமே ஓய்ந்துவிடும், விலைக்குக் கட்டாது. 40-க்குக் கீழே மீட்டர் இறங்கினால் சிலிக்கா ஜெல்லைப் பாதியாக்குங்கள்.

அந்துருண்டை போடாதீர்கள். மூடிய கேஸுக்குள் அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கும், வாடையும் போகாது. உளுக்கும் மரத்தின் அடையாளம் ஒன்றிரண்டு மி.மீ. வட்டத் துளையும் அதன் கீழே மாவு போன்ற தூளும். கேஸின் அடிப்பலகையில் பார்த்தாலும் அந்தக் கேஸை உடனே வீட்டுக்கு வெளியே கொண்டுபோங்கள்.

சீட்டும், திறக்கும் நாளும்

சீட்டில் இவ்வளவு இருந்தால் போதும்: தேதி, வெப்பநிலை, ஈரப்பதம். கம்பி 10-46, அளந்த பிறகு ட்யூனிங் ஒரு டோன் கீழே. நெக் வளைவு 7-இல் 0.25. உயரம் 12-இல் 2.0 / 1.6. பிக்கப்புகள்: நெக் பக்கம் 5.8, நடு 5.9, பிரிட்ஜ் பக்கம் 6.3 கிலோ ஓம். எர்த் சரி. நெக் பாக்கெட்டில் 8 மி.மீ. பூச்சுக்கோடு, கீழ்ப்பக்கம்.

திறக்கும் நாளில், பயணத்திலிருந்தோ ஏ.சி. அறையிலிருந்தோ வந்த கேஸை உடனே திறக்காதீர்கள். குளிர்ந்த உலோகத்தில் கண்ணாடி மாதிரி நீர் பூக்கும். நாலைந்து மணி நேரம் மூடியபடியே அறையில் கிடக்கட்டும். பிறகு மோந்து பாருங்கள். பூஞ்சை வாடை வந்தால் உள்துணியில் வெள்ளைப் பூப்பு இருக்கும். கிட்டாரை எடுத்துவிட்டுக் கேஸை மட்டும் வெயிலில் காட்டலாம். கம்பிகளில் துரு சொரசொரத்தால் ஒரு ஸ்வரம்கூட வாசிக்காமல் மாற்றுங்கள், துருக்கம்பி ஃப்ரெட்டை அரம் மாதிரி தேய்க்கும். ஒவ்வொன்றாக மாற்றி, ட்யூனுக்கு ஏற்றி, ஓர் இரவு விடுங்கள்.

மறுநாள் காலை அளந்து சீட்டோடு ஒப்பிடுங்கள். மழைக்காலத்துக்குப் பின் நெக் பெரும்பாலும் முன்னால் வளைந்திருக்கும்: 0.25 இருந்த இடத்தில் 0.40. கம்பி உயரமும் அதனால்தான் ஏறியிருக்கும். பிரிட்ஜைத் தொடாமல் ட்ரஸ் ராடில் கால் சுற்று, மறுநாள் திரும்ப அளவு. ஈரப்பதம் 50-க்கு வந்த பிறகு தானாகவே பாதி இறங்கிவிடும் என்பதால் ஒரு வாரம் பொறுத்துவிட்டுத் திருகினாலும் நல்லதுதான். பழைய எண்ணுக்கு வந்ததும் புது அளவுகளை அதே சீட்டின் பின்பக்கம் தேதியோடு எழுதி, கேஸின் உள்ளறையில் போட்டுவிடுங்கள்.